வேலித் தூண்களை எண்ணியவளுக்கு

இன்று காலை நம் கல்லூரி பஸ்ஸில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஏறியவர்களைவிட இறங்கியவர்கள் அதிகம். கேட்டில் இருந்த செக்யூரிட்டி பேனாவை மூடிவிட்டு, இந்த ஆண்டு புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை கீர்த்தனாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா மேடம், பஸ்ல கீற சீட்ட வுட நீங்க சொல்றது சாஸ்தியா கீது? டாப்ல குந்த வச்சி இட்டுகினு வந்தீங்களா?"

"நான் கரெக்டாத்தான் எண்ணினேன் சார். தூண் கணக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டுக்குள் அடக்குகிற சிரிப்பு அல்ல. கையிலிருந்த சாப்பாட்டுப் பை ஆடுகிற சிரிப்பு. வரிசையில் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். மின்காந்தவியல் எடுக்கும் மேடம் சிரிப்பதை அவர்களில் பலர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்கள். கீர்த்தனா பக்கத்தில் வந்து, "ஏன் மேடம், தப்பா?" என்றாள்.

"தப்புதான். ஆனா நல்ல தப்பு. மத்தியானம் என் கிளாஸ்ல வந்து உக்காரு, சொல்றேன்."

அந்தக் கணக்கை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. யாரோ சொல்லியிருப்பார்கள், அந்த யாரோவுக்கு இன்னொருவர், போய்ப் பார்த்தால் கடைசியில் நீ இருப்பாய். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் முறை இன்னும் கல்லூரிக்குள் நடமாடுகிறது, அதன் தவறையும் கூடவே இழுத்துக்கொண்டு. தவறுக்கு நீ கண்டுபிடித்த காரணம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். நீயே சொன்னால் இன்னும் நன்றாகச் சொல்வாய், கொஞ்சம் மிகைப்படுத்தியும் சொல்வாய்.

பஸ்ஸுக்குள்ளேயே எண்ணிவிட்டால் என்ன என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் கிளம்பி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று நிரப்பிக்கொண்டு தண்டலம் வந்து சேரும் பஸ்ஸில் நடுவே காலூன்ற இடம் இருக்காது. ஆகவே இறங்கிய பிறகு, பஸ் நிற்கும் திடலிலிருந்து கேட் வரை வேலியோரமாகப் பிள்ளைகள் வரிசையாக நடக்கும்போது பொறுப்பாசிரியர் எண்ண வேண்டும், எண்ணி செக்யூரிட்டியிடம் சொல்ல வேண்டும். டிரைவர் வழியில் வெளியாட்களை ஏற்றுகிறாரா என்று பார்க்க நிர்வாகம் போட்ட விதி அது. கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்று கை காட்டுவார்கள். இரக்கமுள்ள டிரைவர்கள் நிறுத்துவார்கள்.

ஆரம்ப வருடங்களில் அந்தப் பொறுப்பு உன்னுடையது. நடக்கும் தலைகளை எண்ணுவது உனக்கு அலுப்பு. வேலியின் கருங்கல் தூண்கள் சம தூரத்தில் நட்டவை. இரண்டு தூண்களுக்கு நடுவில் எட்டுப் பேர் நடக்கிறார்கள் என்று ஒருநாள் பார்த்து வைத்துக்கொண்டாய். பிறகு தலைகளைப் பார்ப்பதையே விட்டுவிட்டாய். வரிசையின் வாலில் தொடங்கி, அதைவிட வேகமாக நடந்து, வரிசையின் தலையை எட்டுகிறவரை தூண்களை மட்டும் எண்ணுவாய், எட்டால் பெருக்குவாய், முடிந்தது. "தலைய எண்றவன் செக்யூரிட்டி. அடர்த்திய எண்றவ பிசிக்ஸ்" என்று என்னிடம் பீற்றிக்கொண்டாய். கொண்டையில் பேனாவைப் போலச் சாக்பீஸைச் செருகிவைக்கும் பெண்ணிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்று நான் விட்டுவிட்டேன்.

ஆனால் கணக்கு ஒவ்வொரு நாளும் கூடுதலாக வந்தது. பழி டிரைவர் மணி அண்ணன்மேல் விழுந்தது. அன்று அவரும் இளைஞர். இந்தத் தடத்தில் பஸ் ஓட்ட வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"நான் யாரையும் ஏத்தல மேடம். எங்கம்மா மேல சத்தியம். நீங்க எண்றதுலதான் இன்னாவோ கோளாறு கீது."

"நான் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ், மணியண்ணா."

"அதான் மேடம் நானும் சொல்றேன்."

அந்த வாரம் முழுக்க நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். சிரித்தாலும் மனம் அதில் இல்லை. உன் மனம் அடுத்த புதன்கிழமையில் இருந்தது.

நாம் இருவரும் ஒரே நாளில் இந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்கள். ஒரே பஸ். நான் புறப்படும் இடத்திலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்திருப்பேன். ஒரகடத்துக்குக் கொஞ்சம் முன்னால், கண்டெய்னர் லாரிகள் நிற்கும் திடலுக்கு எதிரில் நீ ஏறுவாய். அந்தத் திடலில் பாதி ஒருகாலத்தில் உங்கள் குடும்பத்து நிலம். அதைப்பற்றிக் கேட்பவர்களிடம், "எங்க நெலத்துல இப்ப லாரி வெளையுது, போகம் தவறாம" என்பாய். அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எனக்கு நீ வைத்த பெயர் சந்தேகம். "இன்னா சந்தேகம், பைய எடு" என்றபடி உட்காருவாய். நான் எதையும் உடனே ஒப்புக்கொள்வதில்லை என்பது உண்மைதான். ஒப்புக்கொள்ளாமல் இருப்பது வாதம் இல்லை என்பது உன் கட்சி. "கேள்வியா கேளுடி. மூஞ்ச மட்டும் அப்டி வச்சிக்கினா நான் எதுக்குன்னு பதில் சொல்றது?"

சேர்ந்த நாள் முதல் நமக்குக் கிடைத்தது முதலாண்டு இயற்பியல் மட்டும். முறுக்கு ஊசல், காற்று ஆப்பு, நியூட்டன் வளையங்கள் என்று ஆய்வகச் சோதனைகள். அடுத்த ஆண்டும் அதே ஊசல். பொறியியல் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை என்பவள் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவள் என்று நீ சொல்வாய். எனக்கு அது அவ்வளவாக உறைக்கவில்லை. உனக்கு உறைத்தது. இரண்டாமாண்டு எலெக்ட்ரானிக்ஸ் பிள்ளைகளுக்கு நடத்தும் மின்காந்தப் புலங்கள் என்ற பாடத்தின்மேல் உனக்கு ஆசை. நடுப்பருவத்தில் அதை எடுத்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். நீ நேராக அந்தத் துறைத்தலைவர் அறைக்குப் போய், அந்தப் பாடத்தை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டாய். அவர் மறுக்கவுமில்லை, தரவுமில்லை. புதன்கிழமை ஆசிரியர்கள் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுங்கள், தேறினால் பாடம் உங்களுக்கு, இல்லாவிட்டால் இனி இந்தப் பேச்சு வேண்டாம் என்றார். தலைப்பை அவரே கொடுத்தார்: ஓடும் புள்ளி மின்னூட்டத்தின் புலங்களை வருவித்தல்.

"வேணும்னே குட்த்துக்கிறாரு. பாதில நிப்பா, வூட்டுக்கு அனுப்பிடலாம்னு" என்றாய் பஸ்ஸில். குரலில் பயமும் இருந்தது, அதைவிட அதிகமாகப் பசி.

நிற்கும் மின்னூட்டம் எளிது. தூரத்தை அளந்தால் அதன் மின்னழுத்தம் வந்துவிடும். ஓடுகிற மின்னூட்டத்தில் ஒரு சிக்கல். அதைப்பற்றிய செய்தி நம்மிடம் ஒளியின் வேகத்தில்தான் வருகிறது. இப்போது வந்து சேரும் செய்தி, அது முன்பு வேறெங்கோ இருந்தபோது கிளம்பியது. ஆகவே தூரத்தை அந்தப் பழைய இடத்திலிருந்து அளக்க வேண்டும். இதுவரை யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் பாடப்புத்தகம் அங்கே நிற்பதில்லை. பழைய தூரத்தோடு இன்னொரு பெருக்கலையும் போடுகிறது. மின்னூட்டம் நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தால் அழுத்தம் கூடும். விலகிப் போய்க்கொண்டிருந்தால் குறையும். எவ்வளவு என்பது அதன் வேகத்துக்கும் ஒளியின் வேகத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. மின்னூட்டத்தின் அளவு மாறவில்லை. பின் எதைக் கூட்டுகிறோம்? புத்தகத்தில், எளிதில் காட்டலாம் என்று ஒரு வரி. அந்த வரியை நீ விரல் நகத்தால் கீறிவைத்திருந்தாய்.

வியாழக்கிழமை நீ பஸ் ஏறும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"புட்ச்சிட்டேன்டி. என் தூண் கணக்கு ஏன் கூட வருதுன்னு தெரிஞ்சிதுன்னா இதுவும் தெரிஞ்சிடும். ரெண்டும் ஒரே தப்பு."

"எப்படி?"

"நான் பின்னாலேந்து எண்ணிக்கினு வரேன். எண்ணி முடிச்ச பசங்க சிலது என்னைத் தாண்டி முன்னால ஓடிப்போய் நிக்கிது. திரும்ப எண்றேன். செய்தியும் அப்டித்தான். ஒளி வேகத்துல ஒருத்தி எண்ணிக்கினே நம்மகிட்ட வரா. மின்னூட்டமும் அதே பக்கம் வருது. ரெண்டு தபா எண்ணிடறா."

நான் யோசித்தேன். "அந்தப் பையன் உன்னை முந்திட்டுப் போறான். மின்னூட்டம் ஒளியை முந்துமா?"

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை கார்களை அடுக்கிய நீள லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தாய். இறங்கும்போது, "உன் வாயில ஒரு நாளும் நல்ல வார்த்தை வராது" என்று சொல்லிவிட்டு வரிசையின் வாலுக்குப் போனாய். அன்றும் எண்ணிக்கை கூடுதலாகவே வந்தது.

மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் நீ உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே சொன்னாய்.

"எவனும் முந்த வேணாம்டி. யாரையும் ரெண்டு தபா எண்ணவும் வேணாம். நான் ஆள எங்க எண்றேன்? தூணத்தானே எண்றேன். வால்ல ஆரம்பிச்சி தலைக்குப் போறதுக்குள்ள, தல இன்னும் ரெண்டு தூண் முன்னால போயிடுது. வரிசை நீளலை. எனக்கு நீண்டாப்புல கீது. நீளத்த அடர்த்தியால பெருக்கினா ஆள் கூடும்தானே?"

நான் வாயைத் திறந்தேன்.

"இரு. இன்னும் கீது. தலைலேந்து வாலுக்கு நடந்தா?"

"குறையும்" என்றேன். நான் உடனே ஒப்புக்கொண்ட வெகு சில தருணங்களில் அது ஒன்று. உனக்கு அது போதவில்லை.

அன்று காலை வேலியோரத்தில் நடந்ததை இந்தக் கல்லூரியில் பழையவர்கள் இன்னும் சொல்கிறார்கள். பிள்ளைகள் தம்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். நீ புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாலிலிருந்து தலைக்கு. நான் தலையிலிருந்து வாலுக்கு. நான் பொது இடத்தில் வேகமாக நடப்பதுகூட இல்லை. நடுவழியில் ஒருவரையொருவர் கடந்தபோது நீ, "தூணப் பாருடி, என்னைப் பாக்காத" என்றாய். கடைசியில் இருவரும் மூச்சு வாங்க செக்யூரிட்டி முன்னால் நின்றோம். உன் எண்ணிக்கை பஸ் கொள்ளுவதற்கு மேல். என்னுடையதைப் பார்த்தால் பாதி பஸ் காலி. மணி அண்ணன் சாவியைச் சுழற்றிக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றார்.

"ஒரே பஸ்ஸு, ஒரே கூட்டம், ரெண்டு டீச்சரு, ரெண்டு கணக்கு" என்றார் செக்யூரிட்டி. "நான் எத எழுதறது?"

"ரெண்டும் தப்பு சார்" என்றாய். அவ்வளவு பெருமிதமாக ஒருவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. "எல்லாரையும் நிக்க வச்சி எண்ணிக்கோங்க. மணியண்ணன் யாரையும் ஏத்தல."

நிற்கவைத்து எண்ணினார்கள். சரியாக இருந்தது. மணி அண்ணன் கைகூப்பினார். சாயங்காலம் திரும்பும்போது மட்டும், கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்து, "மேடம், ஒருநாள் ஒரு பொண்ண ஏத்தினது உண்மைதான். நைட் ஷிஃப்ட் முட்ச்சி மழையில நின்னுகினு இருந்துச்சி" என்றார். "அது என் கணக்குல வரவே இல்லியே அண்ணா" என்று நீ சொன்னாய். பஸ்ஸே சிரித்தது.

சனிக்கிழமை அரைநாள் வேலை. பிள்ளைகள் போனபிறகு காலி வகுப்பில் நீ பலகையிலும் நான் கடைசி பெஞ்சிலும் இருந்தோம். நான் விடவில்லை. "வரிசைக்கு நீளம் இருக்கு. அதனால நீண்டு தெரியுது, சரி. இது புள்ளி. புள்ளிக்கு ஏதுடி நீளம்? சுழியை எதால பெருக்கினாலும் சுழிதானே?"

நீ பலகையில் ஒரு நீண்ட கோடு போட்டாய். அதற்குக் கீழே, வாலில் தொடங்குகிறவள் தலையை எட்டும்போது கோடு எவ்வளவு நீண்டு தெரியும் என்று கணக்கிட்டாய். பிறகு சின்னக் கோடு. பிறகு இன்னும் சின்னது. ஒவ்வொன்றுக்கும் கீழே அதே விகிதம். சாக்பீஸ் நுனியால் ஒரு புள்ளி வைத்துவிட்டுத் திரும்பினாய்.

"எத்தினி மடங்குன்றதுல அவ வேகம் கீது, வரிசையோட வேகம் கீது. நீளம் எங்க கீது, காட்டு? இல்லாதத சுருக்கினா இன்னா, சுருக்காட்டி இன்னா?"

நீளம் இல்லைதான். வரிசை சுருங்கிச் சுருங்கி ஒரே ஆளாக ஆனாலும் விகிதம் அப்படியே நிற்கும். நான் அந்தப் பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டப்படிப்பிலும் மேற்படிப்பிலும் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கிய ஒரு வரி, அன்றுதான் எனக்குள் முதன்முதலாக உண்மையாயிற்று. நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒப்புத்துக்கினியா? வா, டீ குடிக்கலாம்" என்றாய்.

புதன்கிழமை நீ கட்டியிருந்தது மயில்கழுத்து நிறப் புடவை. முதல் வரிசையில் துறைத்தலைவர், பக்கத்தில் முதல்வர், பின்னால் மற்ற ஆசிரியர்கள். நான் கடைசி பெஞ்ச். எதையும் எடுத்துக்கொடுக்கக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம் என்று எனக்கு நீ போட்ட கட்டளை.

வரிசையும் தூணும் சொல்லி நீ தொடங்கியபோது இரண்டு பேர் புன்னகைத்தார்கள். அந்தப் பெருக்கலைப் பலகையில் எழுதி முடித்தபோது யாரும் புன்னகைக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார்கள். துறைத்தலைவர் கை தூக்கினார்.

"ரிலேட்டிவிட்டி வெச்சு நாலு வரியில முடிச்சிடலாமே மேடம். எதுக்கு இவ்வளவு நீளம்?"

"நாலு வரியில விடை வரும் சார். அது எங்கேந்து வருதுன்னு வராது."

பிறகு அழுத்தத்திலிருந்து புலத்துக்குப் போகும் பகுதி. அங்கேதான் எல்லோரும் வழுக்குவார்கள். நாம் நிற்கும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் மின்னூட்டத்துக்கும் நமக்கும் உள்ள தூரம் மாறும். கூடவே, செய்தி கிளம்பிய நேரமும் மாறும். இரண்டையும் சேர்த்து வகைக்கெழு காண வேண்டும். நீ இரண்டையும் சேர்த்தாய். ஆனால் ஓரிடத்தில், கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டாய். எனக்கு அது தெரிந்தது. உனக்குத் தெரியவில்லை. பலகை நிறைந்துகொண்டே போனது. கடைசி வரி சுருங்காமல் முரண்டு பிடித்தது. நீ இரண்டடி பின்னால் வந்து பார்த்தாய். கொண்டையிலிருந்த சாக்பீஸை எடுத்தாய். கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. துறைத்தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உன் பாடம் அந்த வகுப்பை விட்டு வெளியேறிக்கொண்டிருப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

நான் எழுந்தேன். "ஒரு சந்தேகம்."

நீ திரும்பவில்லை. "கேளுங்க மேடம்."

"சீரான வேகத்துல போற மின்னூட்டம். அதோட கூடவே போறவருக்கு அது நின்னுட்டு இருக்கு. அப்போ முன்னால ஒரு மாதிரியும் பின்னால ஒரு மாதிரியும் புலம் வரலாமா?"

நீ பலகையைப் பார்த்தாய். முன்பக்கம் ஒரு விடை, பின்பக்கம் வேறொரு விடை. உன் தோள்கள் முதலில் அசைந்தன. அப்புறம் உன் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆசிரியர்கள் எதிரில், முதல்வர் எதிரில், ஆசைப்பட்ட பாடம் கைவிட்டுப் போகும் நேரத்தில் ஒருத்தி அப்படிச் சிரிக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. "இதுக்குத்தான் சார் இவளக் கூட்டிக்கினு வந்தேன்" என்றாய். ஒற்றை விரலால் அந்தக் கூட்டல் குறியின் நெடுக்குக் கோட்டை அழித்தாய்.

அதற்குப்பின் நடந்ததைப் பார்க்கத்தான் நான் இன்றும் அந்த வருவித்தலைச் செய்கிறேன். உறுப்புகள் ஒன்றையொன்று தின்று தீர்த்தன. வர்க்கமூலத்துக்குள் மட்டும் ஒரு சின்ன மிச்சம். பழைய இடம் என்பது சமன்பாட்டிலிருந்தே காணாமல் போயிற்று. பழைய இடத்திலிருந்து கிளம்பிய செய்தி, மின்னூட்டம் இந்த நொடியில் இருக்கும் இடத்தை நேராகக் கைகாட்டியது. முன்னும் பின்னும் புலம் மெலிந்து, பக்கவாட்டில் திரண்டு, காந்தப்புலம் அதைச் சுற்றி வளையமாக நின்றது.

துறைத்தலைவர் முன்னால் சாய்ந்தார். "அது இப்ப எங்க இருக்குன்னு இதுக்கு எப்படித் தெரியும்?" அது சோதிப்பவரின் கேள்வி இல்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவரின் கேள்வி.

மகிழ்ச்சியில் உனக்கு வகுப்புத் தமிழ் மறந்துபோயிற்று. "தெரியாது சார். கெளம்பும்போதே வேகத்தையும் சேத்துச் சொல்லி அனுப்பிக்கிது. இதே வேகத்துல போய்க்கினு இருந்தா இந்நேரம் இங்க இருப்பேன்னு. நடுவுல சட்டுன்னு நின்னுட்டாலும், தூரத்துல கீறவங்களுக்கு அந்தச் சேதி போய்ச் சேர்ற வரைக்கும், இருக்க வேண்டிய எடத்தையேதான் காட்டிக்கினு இருக்கும். சேதி போய்ச் சேர்ற எடத்துல பழைய புலத்துக்கும் புதுப் புலத்துக்கும் நடுவுல ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்பு ஒளி வேகத்துல பரவிக்கினே போவும் சார். அதுதான் கதிர்வீச்சு. வெளிச்சம்னு நாம சொல்றது அதத்தான்."

யாரும் கைதட்டவில்லை, நம் கல்லூரியில் அந்தப் பழக்கம் இல்லை. துறைத்தலைவர் பலகையை மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழே படித்தார். "திங்கக்கெழமைலேந்து எடுங்க மேடம். இந்த செமஸ்டருக்கு" என்றார். அந்த செமஸ்டர் முடியவே இல்லை. போன ஆண்டு வரை அது உன் பாடமாக இருந்தது. பிள்ளைகள் அதை உன் பெயரால்தான் சொன்னார்கள்.

அன்று பஸ்ஸில், கூட்டல் குறியை நான் எடுத்துக்கொடுத்துவிட்டேன் என்று நீ என்னோடு சண்டை போட்டாய். நான் கேள்விதான் கேட்டேன் என்றேன். "கேள்வியா அது? திருட்டுத்தனம்" என்று என் தோளில் குத்தினாய். லாரித் திடல் தாண்டி, இறங்க மறந்து, சிங்கப்பெருமாள் கோவில் வரை வந்துவிட்டாய். என் வீட்டில் தோசை தின்றுவிட்டு ஷேர் ஆட்டோவில் போனாய்.

நீ வைத்திருந்த ஒரு விதியும் நினைவிருக்கிறது. ஒரு முதலாண்டுப் பையன் நிலைமத்தைப்பற்றிய விடையில், மனித வாழ்க்கைக்கும் ஒரு விசை தேவை என்று எழுதியிருந்தான். நீ ஒரு மதிப்பெண்ணைக் குறைத்து, ஓரத்தில் எழுதினாய்: தத்துவம் பேசினால் மார்க் கட். நாம் ஒத்துப்போன விஷயங்களில் அது முக்கியமானது. இயற்பியலைக் கொண்டுவந்து வாழ்க்கையின்மேல் ஒட்டுபவர்களை எனக்கும் பிடிக்காது. நீ மருத்துவமனையில் இருந்தபோதுகூட, பார்க்க வந்த ஒருவர் ஆற்றல் அழிவதில்லை என்று தொடங்கியபோது, நீ என்னைப் பார்த்து விரலால் காற்றில் ஒரு கழித்தல் குறி போட்டாய். எனக்கு உன் கடைசி நாட்களில் தங்கியிருப்பது அந்தக் குறிதான். மற்றதை நான் வைத்துக்கொள்ளவில்லை.

உன் பாடத்தை எனக்குக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். நீ அதற்காக எவ்வளவு பசித்திருந்தாய் என்று தெரிந்தவள் நான். தட்டில் போட்டுத் தந்ததை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. இந்தப் பருவம் முழுக்க அதைக் கவனமாக, பிழையில்லாமல், உயிரில்லாமல் நடத்தினேன். இன்று மதியம்தான் ஓடும் மின்னூட்டம் வந்தது. கீர்த்தனா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பெருக்கலை எழுதியதும், ஜன்னலோரத்துப் பெண் ஒருத்தி முகத்தை ஒரு மாதிரியாக வைத்துக்கொண்டாள். எனக்கு அந்த முகத்தைத் தெரியும். பல வருடம் அணிந்திருக்கிறேன்.

"கேள்வியா கேளு" என்றேன்.

"புள்ளிக்கு நீளமே இல்லையே மேடம். அப்புறம் எப்படிக் கூடும்?"

நான் சாக்பீஸை வைத்துவிட்டு, "எல்லாரும் எழுந்திருங்க. வேலிக்குப் போலாம்" என்றேன்.

வெயிலில் வகுப்பு முழுவதையும் வரிசையாக நடக்கவிட்டோம். கீர்த்தனா வாலிலிருந்து தலைக்கு, அந்தப் பெண் தலையிலிருந்து வாலுக்கு. பிறகு பாதி வகுப்பை வைத்து. பிறகு பத்துப் பேரை வைத்து. ஒவ்வொரு தடவையும் மடங்கு மட்டும் கிட்டத்தட்ட அதே. செக்யூரிட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தார். கடைசியில் அந்தப் பெண் நின்ற இடத்திலேயே, "நீளம் கணக்குலயே இல்ல மேடம்" என்றாள், யாரோ ஒளித்துவைத்ததைக் கண்டெடுத்த குரலில். நான் சத்தமாகச் சிரித்தேன், ஒரே நாளில் இரண்டாம் முறையாக. மீதி வருவித்தலை வேலியோரத்திலேயே, செம்மண்ணில் குச்சியால் எழுதி முடித்தேன். ஓரிடத்தில் வேண்டுமென்றே கூட்டல் குறி போட்டேன். அவள் பிடித்துவிட்டாள்.

சாயங்காலம் கீர்த்தனா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த இடத்தில் நான் இப்போதும் பையை வைத்திருப்பேன். இன்று அவள் கேட்பதற்கு முன்பே எடுத்துவிட்டேன். ஒரகடம் தாண்டியதும் லாரித் திடலுக்கு எதிரில் மணி அண்ணன் வண்டியை மெதுவாக்கினார். கிட்டத்தட்ட நிறுத்தினார். யாரும் எழவில்லை. மறுபடி கியர் போட்டுக் கிளம்பினார்.

"இங்க யாரும் இறங்கலையே மேடம். காலையிலயும் ஸ்லோ பண்ணாரு" என்றாள் கீர்த்தனா.

"ஸ்பீட் பிரேக்கர் இருக்கும்" என்றேன்.

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். இருந்ததுதான், சாலையை அகலப்படுத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். நீ அப்போது உயிரோடு இருந்தாய். வழவழவென்று கிடக்கும் அந்த ரோட்டில் மணி அண்ணனின் கால் தினமும் இரண்டு முறை பிரேக்கைத் தேடுகிறது. ஏன் என்று நான் அவரிடம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நான் கவனித்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். இதில் தத்துவம் எதுவும் இல்லை. மார்க்கைக் குறைக்காதே.